முரட்டுக் கையும் பொறுமைக் கையும்

1979ஆம் ஆண்டு உலக போக்கர் தொடரின் கடைசிக் கட்டத்தில் மேசையில் இரண்டு பேர்தான் மிச்சம். பாபி ஹாஃப் சீட்டாட்டத்தையே தொழிலாகக் கொண்டவர். எதிரே உட்கார்ந்திருந்த ஹால் ஃபவுலர் கலிஃபோர்னியாவில் விளம்பரத் துறையில் இருந்தவர். அவரை அங்கே யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ஹாஃபின் கையில் இரண்டு ஏஸ். ஹோல்டெம் ஆட்டத்தில் அதற்கு மேல் ஒரு தொடக்கக் கை கிடையாது. ஃபவுலரின் கையில் ஏழும் ஆறும், அதுவும் வேறு வேறு இனம்.

நடுவில் விரித்த முதல் மூன்று சீட்டுகள் ஜாக்கி, ஐந்து, மூன்று. ஃபவுலருக்கு ஒரு ஜோடிகூடச் சேரவில்லை. ஒரு நாலு விழுந்தால் மட்டும் மூன்று முதல் ஏழு வரை வரிசை அமையும். அவர் பார்க்காத 47 சீட்டுகளில் நாலு என்பது நான்கே. அதாவது அடுத்த சீட்டு நாலாக வருவதற்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. ஹாஃப் பணம் போட்டார். நிதானமுள்ள எவரும் கையைக் கீழே வைத்துவிடும் அந்த இடத்தில் ஃபவுலர் தொடர்ந்தார். அடுத்து விழுந்தது நாலு. 2,70,000 டாலர் பரிசோடு, தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாத ஒருவர் முதல் முறையாக அந்தப் பட்டத்தை வென்றார்.

இப்படி ஆடுபவரை என்ன செய்வது? கடந்த ஐம்பது ஆண்டுகளில் போக்கர் போட்டிகளின் உத்தி வளர்ந்த கதையைக் கூர்ந்து பார்த்தால், அதில் பாதி இந்த ஒரு கேள்விக்குத் தேடிய விடைகள்தான். வேடிக்கை என்னவென்றால், ஒரு தலைமுறை மருந்தாகக் கண்டுபிடித்தது அடுத்த தலைமுறை கையில் ஆயுதமாகியிருக்கிறது.

தீபாவளி இரவில் மூணு சீட்டு ஆடிப் பழகியவர்களுக்கு இந்த ஆள் புதியவர் அல்ல. சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பிளைண்டாகவே பணத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர் எல்லா ஊரிலும் உண்டு. ஹோல்டெமில் அவருக்கு இன்னும் வசதி அதிகம். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, நான்கு சுற்றுப் பந்தயம். நோ-லிமிட் ஆட்டமென்றால் எந்தச் சுற்றிலும் கையிலிருக்கும் அத்தனை சிப்பையும் நடுவே தள்ளிவிடலாம்.

டெக்சாஸில் ஊர் ஊராகப் போய் ஆடிய பழைய சூதாடிகள் இந்த மாதிரி ஆளைக் கண்டால் முகம் மலர்ந்தார்கள். டாய்ல் பிரன்சன், அமரில்லோ ஸ்லிம், செய்லர் ராபர்ட்ஸ் ஆகிய மூவரும் ஒரே பொதுப் பணப்பையை வைத்துக்கொண்டு சேர்ந்தே பயணம் செய்தவர்கள். அவர்களது பிழைப்பே எண்ணெய்ப் பணமும் அவசரமும் உள்ள பணக்காரர்களை நம்பி நடந்தது. அதற்கு வைத்தியம் எளிது. அந்த ஆளுக்கு இடப்பக்கத்து நாற்காலியைப் பிடிக்க வேண்டும். ஆட்டம் கடிகாரச் சுற்றில் போவதால் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு நாம் முடிவெடுக்கலாம். பிறகு நல்ல கை வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்ததும் அவரையே பணம் போடவிட வேண்டும். ஒருவேளை அதிர்ஷ்டம் அவர் பக்கம் சாய்ந்தால் சட்டைப்பையிலிருந்து இன்னும் பணம் எடுத்து வைத்து மறுபடி காத்திருக்கலாம். விடியும்வரை, தேவைப்பட்டால் மறுநாள் மாலைவரை.

இந்த வைத்தியம் பலிக்காமல் போனது பென்னி பினியனால். டல்லஸில் கள்ளச்சாராயமும் சூதாட்டமும் நடத்தியவர், லாஸ் வேகாஸுக்கு இடம்பெயர்ந்து 1951இல் ஃப்ரீமான்ட் தெருவில் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியைத் திறந்தார். இடையில் வரி ஏய்ப்புக்காகச் சிறைக்கும் போய் வந்தார். 1970இல் நாட்டின் பெரிய ஆட்டக்காரர்களைத் தன் விடுதிக்கு அழைத்தார். அந்த முதல் ஆண்டு போட்டியே கிடையாது. ஆடி முடித்து, யார் சிறந்தவர் என்று அவர்களே வாக்களித்து ஜானி மாஸைத் தேர்ந்தெடுத்தார்கள். பார்ப்பவர்களுக்கு அதில் என்ன சுவாரசியம்? அதனால் 1971 முதல் சிப் தீர்ந்தவர் எழுந்து போக வேண்டும், கடைசியில் எஞ்சுபவரே வென்றவர் என்ற முறை வந்தது. 1972இல் நுழைவுக் கட்டணம் 10,000 டாலராயிற்று. ஆடியவர்கள் எட்டே பேர். வென்றவர் ஸ்லிம்.

எழுந்து போக வேண்டும் என்ற அந்த ஒரு விதி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. இனி சட்டைப்பையில் கை விட முடியாது. நாற்காலி குலுக்கலில் கிடைப்பது, இடப்பக்கம் தேடி உட்கார முடியாது. அதைவிட முக்கியமாக, பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயம் நேரம் போகப்போக ஏறிக்கொண்டே இருக்கும். காத்திருப்பவரின் சிப் குவியல் காத்திருப்பதாலேயே கரையும். முரட்டு ஆட்டக்காரர் கண்மூடித்தனமாகத் தொடுக்கும் ஒவ்வொரு தாக்குதலிலும் எதிராளியின் முழுப் போட்டியும் பணயமாகிறது. ஹாஃப் மாதிரி ஒருவர் நாள்கணக்கில் கவனமாக ஆடியதை ஒரே ஒரு நாலு அழித்துவிடலாம்.

முரட்டு ஆட்டத்தின் இந்தப் பலத்தை எழுத்தில் வைத்தவர் பிரன்சன். 1976, 1977 என்று அடுத்தடுத்து இரண்டு முறை பட்டம் வென்ற கையோடு, 1978இல் சொந்தச் செலவில் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். பின்னாளில் சூப்பர்/சிஸ்டம் என்று பெயர் பெற்ற அந்த நூலின் விலை அன்றே 100 டாலர். நோ-லிமிட் ஹோல்டெம் பற்றி அதில் அவர் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: தாக்கு, தாக்கிக்கொண்டே இரு. எதிராளி விலகிவிட்டால் சின்னத் தொகை சிரமமின்றி வரும். அப்படிச் சேர்ந்த பணத்தை வைத்துக்கொண்டு எப்போதாவது பெரிய மோதலில் துணியலாம். ரகசியத்தை விற்றுவிட்டோமே என்று அவர் பிற்காலத்தில் வருந்தியதுண்டு. வருந்தக் காரணம் இருந்தது. புத்தகம் வந்த இரண்டாவது ஆண்டே, இறுதி மோதலில் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தவர் ஸ்டூ உங்கர்.

உங்கர் நியூயார்க்கில் பிறந்தவர், தந்தை பந்தயத் தரகர். நம் ரம்மிக்கு ஒன்றுவிட்ட உறவான ஜின் ரம்மியில் அவருக்கு நிகர் யாருமில்லை. அவரோடு பணம் வைத்து ஆட ஆளே கிடைக்காமல் போனதால்தான் போக்கருக்கு வந்தார். ஹோல்டெமில் அனுபவம் குறைவு. ஆட்டம் நடக்க நடக்கவே அந்த இளைஞன் கற்றுக்கொள்வதைத் தான் கண்ணால் பார்த்ததாகப் பிரன்சன் பிற்பாடு சொன்னார். கடைசிக் கையில் பிரன்சனிடம் ஏஸ், ஏழு. நடுவில் ஏஸ், ஏழு, இரண்டு விழுந்து அவருக்கு இரட்டை ஜோடி. உங்கரிடம் இஸ்பேடு ஐந்தும் நாலும்; தேவை ஒரு மூன்று. ஃபவுலரின் அதே பன்னிரண்டில் ஒரு பங்கு. உங்கர் விலகவில்லை. மூன்று விழுந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஃபவுலரும் உங்கரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எந்தக் கையோடும் இறங்கும் முரடர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் எதிராளியின் கையைப் பற்றி யோசிப்பதே இல்லை. இன்னொருவர் எதிராளியின் பயத்தை அளந்துவிட்டுத் தள்ளுகிறார். முதல் வகைக்குப் பலிக்கும் மருந்து இரண்டாம் வகையிடம் விஷம். உங்கர் 1981இலும் வென்றபோது இதில் சந்தேகம் தீர்ந்தது.

முதல் மருந்து பொறி. 1988 தொடரின் இறுதி மோதலில் அதைக் காட்டியவர் ஜானி சான், முந்தைய ஆண்டின் வெற்றியாளர். எதிரே நியூயார்க் பங்குச் சந்தை உலகிலிருந்து வந்த எரிக் சீடல். நடுவில் ராணி, பத்து, எட்டு விழுந்தபோது சானின் கையில் கிளாவர் ஜாக்கியும் ஒன்பதும். எட்டிலிருந்து ராணி வரை முழு வரிசை முதல் வீச்சிலேயே அமைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், பெரிதாகப் போட்டு விரட்டாமல், ஒரு கட்டத்தில் பணம் போடாமல் சும்மா செக் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ராணி ஜோடியை வைத்திருந்த சீடல் அதைப் பலவீனம் என்று படித்தார். மொத்தச் சிப்பையும் தள்ளினார். முடிந்தது. இந்தக் கையின் அசல் காட்சி 1998இல் வந்த ரவுண்டர்ஸ் திரைப்படத்தில் இடம்பெற்றதால், அடுத்து வந்த தலைமுறை முழுக்கத் தங்களையே சானாக நினைத்துக்கொண்டு பொறி வைக்க ஆரம்பித்தது. சீடல்தான் பாவம், பிறகு எத்தனையோ பட்டங்கள் வென்றவரை, சினிமா பார்த்தவர்கள் அந்த ஒரு கைக்காகவே நினைவு வைத்திருக்கிறார்கள்.

பொறி வைக்க வரிசையோ அதற்கு மேலோ கையில் வேண்டும். பிளைண்ட் ஏறும் போட்டியில் அது எத்தனை முறை வரும்? அதனால் இரண்டாவது மருந்து கணக்கிலிருந்து வந்தது. நடுவில் 1,000 சிப் இருக்கிறது, எதிராளி இன்னொரு 1,000 போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் 1,000 வைத்து 2,000ஐ வெல்லப் பார்க்கிறோம். மூன்றில் ஒரு முறை ஜெயித்தாலே கையைக் கடிக்காது. நிதானமான ஆட்டக்காரர் அந்த இடத்தில் ஐந்தில் ஒரு முறைதான் வெறுங்கையோடு மிரட்டுவார். ஆகவே நம் சாதாரண ஜோடியை வைத்துவிட்டு விலகுவதே சரி. முரடர் பாதிக்குப் பாதி வெறுங்கையோடு தள்ளுகிறவர் என்றால் அதே ஜோடி திடீரென்று மதிப்புள்ள கையாகிவிடுகிறது. சீட்டு மாறவில்லை, ஆள் மாறியிருக்கிறார். கூடவே இன்னொரு ஒழுங்கும் தேவை: அவரிடம் நாம் வெறுங்கையோடு மிரட்டக் கூடாது. விலகத் தெரியாதவரிடம் பிளஃப் செய்வது பணத்தை நாமே கொண்டுபோய்க் கொடுப்பது.

டான் ஹாரிங்டன் இந்தக் கணக்கைப் பத்து லட்சம் டாலர் பணயத்தில் செய்து காட்டினார். 1995 இறுதி மோதல். எதிரில் கனடாக்காரர் ஹோவர்ட் கோல்ட்ஃபார்ப். நடுவில் பெரிய சீட்டு எட்டு; ஹாரிங்டனின் கையில் டைமன் ஒன்பதும் எட்டும், ஆக எட்டு ஜோடி. கோல்ட்ஃபார்ப் எதுவும் சேராத ஏஸ்-ஏழை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளினார். எட்டு ஜோடிக்காக உலகப் பட்டத்தைப் பணயம் வைக்கலாமா என்று கேட்டால் எந்தப் புத்தகமும் கூடாது என்றுதான் சொல்லும். ஹாரிங்டன் சரி என்றார். பின்னாளில் அவரும் பில் ராபர்ட்டியும் சேர்ந்து எழுதி, 2004 முதல் வெளிவந்த மூன்று பாகப் புத்தகம், ஒருவரின் சிப் குவியல் கட்டாயப் பந்தயங்களை எத்தனை சுற்று தாங்கும் என்ற அளவைப் பரவலாக்கியது. குவியல் சுருங்கிவிட்டால் பொறியும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். முரடர் கண்ட சீட்டுக்கும் பந்தயம் திறக்கும்போது, ஓரளவு நல்ல கையோடு அவர் மேலேயே அத்தனையையும் தள்ளிவிட வேண்டும். அவர் கையில் பெரும்பாலும் சரக்கு இருக்காது.

அப்படியானால் 1997இல் உங்கரை ஏன் யாராலும் மடக்க முடியவில்லை?

போதைப் பழக்கத்தில் சிதைந்து, கடன்பட்டு, நண்பர் பில்லி பாக்ஸ்டர் கட்டிய கட்டணத்தில் கடைசி நேரத்தில் வந்து உட்கார்ந்தவர் அவர். 312 பேர் ஆடிய போட்டி, இறுதி மேசையை ஃப்ரீமான்ட் தெருவிலேயே திறந்தவெளியில் போட்டிருந்தார்கள். உங்கரிடம் சிப் மலையாக இருந்தது. அவர் பந்தயத்தை ஏற்ற ஏற்ற மற்றவர்கள் விலகினார்கள். அவர்கள் ஒன்றும் கோழைகள் அல்ல; ஒவ்வொருவரும் தனக்கு முன் இன்னொருவர் வெளியேறட்டும், பரிசு ஒரு படி ஏறட்டும் என்று பார்த்தார்கள். அப்படிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது என்று 1987லேயே மேசன் மால்முத் எழுதியிருந்தார். குதிரைப் பந்தயத்துக்காக டேவிட் ஹார்வில் 1973இல் வகுத்த வாய்பாட்டைப் போட்டிச் சிப்புக்குப் பொருத்திய கணக்கு அது.

மூன்று பேர் மிச்சம், மூவரிடமும் சமமான சிப், பரிசு 50, 30, 20 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரின் நிலைக்கும் மதிப்பு 33 ரூபாய் 33 காசு. இருவர் எல்லாவற்றையும் வைத்து மோதுகிறார்கள். தோற்றவர் 20 ரூபாயோடு போகிறார். அவருக்கு நஷ்டம் 13 ரூபாய் 33 காசு. வென்றவரிடம் இப்போது மூன்றில் இரண்டு பங்கு சிப் இருந்தாலும் அதன் மதிப்பு 43 ரூபாய் 33 காசுதான். லாபம் 10 ரூபாய். மீதி 3 ரூபாய் 33 காசு எங்கே போயிற்று? கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்த மூன்றாமவருக்கு. ஆகவே சரிபாதி வாய்ப்புள்ள மோதலில் இறங்குவதே நஷ்டம். நூற்றுக்கு 57 முறை ஜெயிப்போம் என்றால்தான் இறங்கலாம். முரட்டு ஆட்டக்காரரை நிறுத்த யாராவது ஒருவர் ஆபத்தை ஏற்க வேண்டும், அதன் பலனில் ஒரு பங்கு சும்மா இருப்பவருக்குப் போகும் என்றால் யார் முன்வருவார்? பெரிய குவியல் வைத்திருக்கும் முரடரின் பலம் அந்தத் தயக்கத்தில் இருக்கிறது. உங்கர் இதை எந்த வாய்பாட்டிலும் படித்தவர் இல்லை, நாசியில் மோப்பம் பிடித்தவர். ஏஸ்-நாலை வைத்து ஜான் ஸ்ட்ரெம்ப்பின் ஏஸ்-எட்டை, கடைசியாக விழுந்த இரண்டால் வென்று மூன்றாம் பட்டத்தையும் பத்து லட்சம் டாலரையும் எடுத்தார். அடுத்த ஆண்டு நவம்பரில், 45 வயதில், லாஸ் வேகாஸின் மலிவு விடுதி ஒன்றில் இறந்துகிடந்தார்.

அதன் பிறகு தொலைக்காட்சி வந்தது. ஆட்டக்காரரின் மூடிய சீட்டைப் பார்வையாளருக்குக் காட்டும் கேமரா மேசையைக் கண்டுபிடித்தவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். போலந்தில் பிறந்து நாஜி முகாம்களிலிருந்து பிழைத்து வந்து, அமெரிக்காவில் பொம்மை வியாபாரத்தில் பெரிய ஆளானவர். அதுவரை முரட்டு ஆட்டம் மேசையில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த தொழில் ரகசியம். இப்போது கோடிக்கணக்கானவர்கள் வீட்டில் உட்கார்ந்து, டென்மார்க்கின் கஸ் ஹான்சன் எந்தக் குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய பந்தயம் போடுகிறார் என்று பார்த்தார்கள். குப்பையை வைத்தும் ஜெயிக்கலாம் என்பது பொது அறிவானது.

2003இல் டென்னசி மாநிலக் கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர் (அவரது உண்மையான குடும்பப் பெயரே அதுதான்) இணையத் தகுதிச்சுற்று வழியாக வந்து இறுதிவரை போனார். எதிரே சாமி ஃபர்ஹா, பெரும்பணம் வைத்து ஆடுவதிலேயே பெயர் பெற்ற சூதாடி. ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி, நடுவிலிருந்த சீட்டுகளில் அதற்கு மேல் எதுவுமில்லை. மனிமேக்கரிடம் ராஜாவும் ஏழும், எதுவும் சேரவில்லை. கடைசிச் சீட்டுக்குப் பின் மனிமேக்கர் அனைத்தையும் தள்ளினார். ஃபர்ஹா சந்தேகப்பட்டார், நெடுநேரம் யோசித்தார், விலகினார். ஹாரிங்டன் எட்டு ஜோடியை வைத்து நின்ற இடத்தில் ஃபர்ஹா ஒன்பது ஜோடியை வைத்து நிற்கவில்லை. ஹாரிங்டனும் அந்த இறுதி மேசையில் ஆடி மூன்றாமிடத்தோடு எழுந்திருந்தார் என்பதை நினைத்தால் இன்னும் சுவை.

ஆடுவோர் எண்ணிக்கை அந்த ஆண்டின் 839இலிருந்து 2006இல் 8,773 ஆனது. அந்த ஆண்டு வென்ற ஜேமி கோல்ட் பேச்சாலேயே ஆளைக் குழப்புவார். கையில் இருப்பதை உள்ளபடியே சொல்வார், எதிராளி நம்ப மாட்டார். நான்காம் நாளிலிருந்து சிப் முன்னிலையை விடவே இல்லை. அவருக்கு ஆலோசனை சொல்லிக்கொடுத்தவர் ஜானி சான்! பொறி வைத்துப் பட்டம் வென்றவரின் சீடப்பிள்ளை, ராணி-ஒன்பதை வைத்து எதிராளியின் பத்து ஜோடியை அடித்து 1 கோடியே 20 லட்சம் டாலர் கொண்டுபோனார்.

இணையத்தில் வளர்ந்த இளைஞர்கள் பிரன்சனின் தாக்குதலையும் மால்முத்தின் கணக்கையும் சேர்த்தே கற்றுக்கொண்டு வந்தார்கள். முரடரின் பந்தயத்துக்கு மேல் மறுபந்தயம், அதற்கு மேல் இன்னொன்று என்று போட்டி ஏறியது. இதற்கு ஓர் அளவுகோல் கிடைத்தது கணினியால். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் சூதாட்ட விடுதியில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு ஒருவருக்கு எதிராக ஒருவர் என்ற முறையில் 1,20,000 கைகள் ஆடி வென்றது. அது போட்டி ஆட்டம் அல்ல. ஆனாலும் எல்லோரும் கவனித்த ஒன்று உண்டு: நடுவில் இருக்கும் தொகையைப்போலப் பல மடங்கை அது திடீரென்று போடும். மனிதர் செய்திருந்தால் கிறுக்கு என்றிருப்பார்கள். எத்தனை முறை வெறுங்கையோடு போட வேண்டும், எத்தனை முறை நல்ல கையோடு போட வேண்டும் என்ற விகிதம் சரியாக இருந்தால் அந்தக் கிறுக்குக்கு மருந்தே கிடையாது என்று அது காட்டியது. ஆகவே மருந்து தேடுபவர் பந்தயத்தின் பருமனைப் பார்த்து மிரளாமல், எதிராளியின் விகிதம் எங்கே பிசகுகிறது என்று பார்க்க வேண்டியதாயிற்று.

2024இல் கட்டணம் இன்னும் 1972இன் அதே 10,000 டாலர்தான். ஆடியவர்கள் மட்டும் 10,112 பேர். கடைசியில் எஞ்சிய இருவரில் ஜோர்டன் கிரிஃப் தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல, எந்த நேரத்தில் எதைத் தள்ளுவார் என்று யூகிக்க முடியாதவர். எதிரே டெக்சாஸ்காரர் ஜொனாதன் டமாயோ. கைகளுக்கு இடையில் டமாயோ அடிக்கடி எழுந்து தன் நண்பர்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போனார். அங்கே ஒரு மடிக்கணினி திறந்திருந்தது. நடுவில் ஒன்பது, எட்டு, மூன்று விழுந்தபோது கிரிஃபின் கையில் ஒன்பது ஜோடி. டமாயோவிடம் எட்டும் மூன்றும், யாரும் பொறுக்கி எடுக்காத கை, இரட்டை ஜோடியாகிவிட்டது. அதோடு 1 கோடி டாலர் அவருக்குப் போனது. அந்த மடிக்கணினியைப் பற்றிய சண்டை பல வாரம் நடந்தது. அடுத்த ஆண்டுத் தொடரில் ஆட்டத்தின் நடுவே கருவிகளின் துணை தேடுவதற்கு எதிரான விதிகளை இறுக்கினார்கள்.